கலைச்சொல்: மூளையே ஆக்கும் ஸ்டீரொயிட்டுக்கு என்ன பெயர்?

மடல் 1: பம்பலப்பிட்டியிலிருந்து

வணக்கம். உயர்தர உயிரியல் மாணவருக்கான துணைநூலில் ஈரூடகவாழிகளின் இனப்பெருக்க அத்தியாயத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓமோன், பரிவகக்கீழ், கபச்சுரப்பி, சனனி (விதை அல்லது சூலகம்), வாங்கி, நொதியம் எல்லாம் பாடநூலில் இருப்பவையே, அவற்றில் கைவைக்கவில்லை. இடிப்பது 'நியூரோஸ்டீரொயிட்' மட்டும். 'நரம்பு ஸ்டீரொயிட்டு' என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

மடல் 2: வெள்ளவத்தையிலிருந்து

உண்டு சேர். 'நரம்பு ஸ்டீரொயிட்டு' என்றால் நரம்பில் வேலைசெய்வதா, நரம்பில் உண்டாவதா? விதையில் சுரந்து குருதிவழி மூளைக்கு வரும் தெஸ்தொஸ்தரோனும் நரம்பில் வேலைசெய்கிறதுதானே. அதை யாரும் இந்தப் பெயரால் அழைப்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் பிரெஞ்சு உயிர் இரசாயனவியலாளர் எதியன்-எமில் போலியூ இந்தச் சொல்லைக் கொண்டுவந்ததற்குக் காரணமே உற்பத்தி இடம்தான். எலியின் விதைகளையும் அதிரீனல் சுரப்பிகளையும் அகற்றிய பிறகும் மூளையில் சில ஸ்டீரொயிட்டுகள் எஞ்சி நின்றன. அப்படியானால் அவை அங்கேயே உண்டாகின்றன என்றாகிறது.

தவளையில் அந்தச் சோதனையை அப்படியே செய்ய முடியாது. அத்தியாயத்தில் இதை ஒரு வரியாவது சொல்லவேண்டும். தவளையின் அதிரீனல் இழையம் தனிச் சுரப்பியாக இல்லை. சிறுநீரகத்தின் வயிற்றுப்புறத்தில் மஞ்சள் பட்டையாக ஒட்டிக் கிடக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்காமல் அதை உரித்தெடுக்க வழியில்லை. ஆகவே வேறு வழி பிடித்தார்கள். மூளையின் பரிவகக்கீழ்த் துண்டை வெளியே எடுத்து, திரித்தியம் (கதிர்வீசும் ஐதரசன்) சேர்த்த பிரெக்னெனோலோன் என்ற மூல ஸ்டீரொயிட்டுடன் வளர்ப்புத் திரவத்தில் வைத்து, என்ன புதிய ஸ்டீரொயிட்டுகள் உண்டாகின்றன என்று திரவ நிறப்பகுப்பில் பிரித்துப் பார்ப்பார்கள். கதிர்வீச்சு எந்த உச்சியில் விழுகிறதோ அதுவே அந்தத் துண்டு ஆக்கிய பொருள். விதையும் இல்லை, குருதியும் இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லை.

பிரான்சின் ரூஆன் நகர ஆய்வுக்குழு ஐரோப்பியப் பச்சைத் தவளையில் இதே முறையைப் பயன்படுத்தி, வாசொதொசின், மெசொதொசின் என்ற இரண்டு மூளை ஓமோன்களும் அந்த உற்பத்தியைக் கூட்டுவதை 2006இல் காட்டியது. நியூரோபெப்டைட்டு-வை என்ற இன்னொரு மூளைப் பொருள் அதைக் குறைக்கிறது. ஆக, மூளையின் ஒரு ஓமோன் அதே மூளையின் இன்னொரு தொழிற்சாலையை முடுக்குகிறது. கபச்சுரப்பியும் சனனியும் இந்தக் கிளையில் இல்லை. இந்த நுணுக்கத்தைச் சொல்லே காட்டவேண்டும். என் முன்மொழிவு: மூளையாக்க ஸ்டீரொயிட்டு.

மடல் 3: தெகிவளையிலிருந்து

'மூளையாக்க' என்பதில் இரண்டு ஓட்டை. ஒன்று, நரம்பிழைகளுக்கு உறையிடும் ஷ்வான் கலங்கள் மூளைக்கு வெளியே, புற நரம்புகளில்தான் இருக்கின்றன. அவையும் புரோஜெஸ்தரோன் ஆக்குகின்றன. மூளையிலேயே கூட எல்லாம் நரம்புக்கலத்தின் வேலையல்ல, தாங்கு கலங்களும் ஆக்குகின்றன. இரண்டாவது, அந்தச் சொல்லை 'மூளையை ஆக்குவது' என்றும் பிரிக்கலாம். 'நரம்பாக்க' என்று மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். புதிய நரம்புக்கலங்கள் உண்டாவதற்கு 'நரம்பாக்கம்' என்று எழுதிப் பழகிவிட்டோம்.

நரம்பக ஸ்டீரொயிட்டு என்று வையுங்கள். 'அகம்' உற்பத்தி இடத்தைச் சொல்லிவிடும். நரம்புத் தொகுதி முழுவதும் அதில் அடங்கும். எங்கே ஆனாலும் சரி, நரம்பில் செயற்படுவதை நரம்பியங்கு ஸ்டீரொயிட்டு என்று தனியே வைக்கலாம். உற்பத்திக்கு 'நரம்பக ஸ்டீரொயிட்டாக்கம்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் வாக்கியத்தில் உடையவில்லை:

"சிவப்பு வயிற்று நியூட்டின் ஆண் மூளையில் உண்டாகும் 7-அல்பா-ஐதரொட்சிப்பிரெக்னெனோலோன் என்ற நரம்பக ஸ்டீரொயிட்டு, டோபமீன் வழியாக விலங்கின் நடமாட்டத்தைக் கூட்டுகிறது."

கோட்டிகொஸ்தரோன் என்ற நெருக்கீட்டு ஓமோனை எந்தப் பெட்டியில் போடுவது என்று பரீட்சைக்காரன் நிச்சயம் கேட்பான். கரடுதோல் நியூட்டில் (நியூட்டு என்பது வாலுள்ள ஈரூடகவாழி) அது அதிரீனலிலிருந்து வருகிறது, மூளைக் கலமென்சவ்வின் வாங்கியில் ஒட்டுகிறது, ஆணின் தழுவலைச் சில நிமிடங்களிலேயே நிறுத்திவிடுகிறது (1991). கலத்தின் கருவில் மரபணுவைத் தூண்டிப் புரதம் செய்விக்க அந்த நேரம் போதாது. ஆகவே அது நரம்பியங்கு, நரம்பகம் அல்ல. பழைய 'நரம்பு ஸ்டீரொயிட்டு' இந்த இரண்டையும் ஒரே சாக்கில் கட்டியிருக்கும்.

மடல் 4: பம்பலப்பிட்டியிலிருந்து

'நரம்பக', 'நரம்பியங்கு' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். 'தழுவல்' பற்றி ஒரு கேள்வி. முதல் வரைவில் 'கலவி' என்று இருந்தது. நம் தேரைகளில் கருக்கட்டல் உடலுக்கு வெளியே நடப்பதால் நீக்கிவிட்டேன். ஆண் முதுகிலேறி முன்கால்களால் இறுக்குவதற்கு அணைபிடி போதுமா?

மடல் 5: வெள்ளவத்தையிலிருந்து

போதும். கிருலப்பனைக் கால்வாயோரத் தேரைக்கும் பொருந்தும், கரடுதோல் நியூட்டுக்கும் பொருந்தும். அந்த நியூட்டில் அணைபிடிக்குப் பிறகு ஆண் விந்துப்பொதியை அடித்தளத்தில் வைக்க, பெண் அதை எடுத்துக்கொள்ளும். கருக்கட்டல் உள்ளேதான். 'கலவி' அங்கேயும் முழுப் பொருத்தமில்லை.

படம் 2ஐயும் திருத்துங்கள் சேர். பரிவகக்கீழ் → கபச்சுரப்பி → விதை → மூளை என்று ஒரே வளையம்தான் வரைந்திருக்கிறது. அதை அழிக்கவேண்டாம். விதை நீக்கிய ஆண் நியூட்டுக்கு வாசொதொசின் மட்டும் ஏற்றினால் அணைபிடி சரியாக வராது, அந்திரோசனும் (தெஸ்தொஸ்தரோன் போன்ற ஆண் ஓமோன்) வேண்டும். மூளைப் பெட்டிக்குள் வாசொதொசின் கலத்திலிருந்து ஸ்டீரொயிட்டாக்கும் கலத்துக்கு ஒரு சிறு அம்பு சேர்த்து, பக்கத்தில் 'நரம்பகம்' என்று எழுதுங்கள். விதையிலிருந்து வரும் நீண்ட அம்புக்குக் 'குருதிவழி' என்று போடுங்கள்.