பற்றரி சென்சரும் டாஸ்மோட்டாவும்: அந்த இரண்டாவது சிப்புக்குப் பதில் சொல்லுங்கள்

ஈயக்கம்பி (கொக்குவில்):
நேற்று வளவுக்காரன் இங்கே எழுதியது இது: "பற்றரியில் ஓடுகிற வைஃபை மோஷன் சென்சரில் டாஸ்மோட்டா ஏற்றினால் சீனா சேர்வரும் தேவையில்லை, பற்றரியும் முன்னையைவிடக் கூட நாள் நிற்கும்." தெரியாதவர்களுக்கு: டாஸ்மோட்டா என்பது கம்பனிக்காரரின் ஃபேர்ம்வெயருக்கு (சாதனத்துக்குள் இருந்து அதை ஓட்டுகிற மென்பொருள்) பதிலாக ஏற்றுகிற இலவசத் திறந்த மூல ஃபேர்ம்வெயர். சீனா சேர்வர் என்பது சென்சரின் தகவல் போய்ச் சேருகிற கம்பனிச் சேர்வர். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி சுத்தப் பிழை. அதை வாசித்துவிட்டு ஒரு பொடியன் சென்சரைக் கழற்றிக்கொண்டு இன்று காலையே என் கடைக்கு வந்துவிட்டான். அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

அந்தச் சென்சரைத் திறந்து பாருங்கள். உள்ளே இரண்டு சிப். ஒன்று வைஃபை மொடியூல். மற்றது எம்சியூ என்கிற சின்னச் சிப். அசைவைப் பார்க்கிற பிஐஆர் கண் பொருத்தியிருப்பது அந்தச் சின்னச் சிப்பில். ஆள் அசைந்தால் அதுதான் வைஃபை மொடியூலுக்குக் கரண்ட் கொடுக்கும், தகவல் போனதும் அதுதான் நிறுத்தும். நீங்கள் டாஸ்மோட்டா ஏற்றுவது வைஃபை மொடியூலில். பற்றரியைக் காப்பாற்றுவது மற்றச் சிப். கை வைக்காத சிப்பின் வேலையை எப்படித் திருத்தினீர்கள்?

வளவுக்காரன் (சாவகச்சேரி):
என் பெயரைப் போட்டே தொடங்கிவிட்டீர்கள், சந்தோசம். டாஸ்மோட்டாவில் டீப் ஸ்லீப், அதாவது கரண்டை மிகக் குறைத்துத் தூங்குகிற நிலை, இருக்கிறது, அது தெரியுமா? வைஃபை மொடியூலில் உள்ள இஎஸ்பி8266 சிப் அந்த நிலையில் இழுப்பது 20 மைக்ரோ ஆம்பியர் அளவு. இரண்டு டிரிபிள்-ஏ பற்றரியில் கிட்டத்தட்ட 1000 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பார்த்தால் ஐந்து வருடத்துக்கு மேல் வரும். என் படலையடியில் கார்த்திகையில் பூட்டியது இன்னும் ஓடுகிறது. கண்ணால் பார்க்கிறவனிடம் வந்து இல்லை என்கிறீர்கள்.

ஈயக்கம்பி:
வகுத்தது சரிதான், யாருமே நடக்காத படலைக்கு. முழித்தால் என்ன ஆகும் என்றும் வகுங்கள் தம்பி. ரவுட்டரைத் தேடி, முகவரி வாங்கி, தகவலை அனுப்பி முடிக்க 5 செக்கன் என்று வைப்போம். அந்த நேரத்தில் 80 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒரு தரம் முழித்தால் 0.11 மில்லி ஆம்பியர் மணி போய்விடும். ஒரு நாளில் ஆள், நாய், பேப்பர்காரர் எல்லாம் சேர்த்து 100 தரம் என்றால் 11. மூன்று மாதத்தில் பற்றரி முடிந்தது. டீப் ஸ்லீப் போடாமல் சும்மா டாஸ்மோட்டாவை முழிப்பாகவே விட்டால் அரை நாள்கூட ஒழுங்காக நிற்காது. இதெல்லாம் இரண்டாவது சிப்பே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. அந்த இரண்டாவது சிப்புக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வளவுக்காரன்:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது.

புதுசு (திருநெல்வேலி):
ஒரு சின்னக் கேள்வி. வளவுக்காரன் ஐயா சொல்வது கடையில் வாங்கின சென்சரா, அல்லது பிஐஆர் கண்ணும் இஎஸ்பி போர்டும் வாங்கித் தானே கட்டினதா? இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிறேன்.

கோப்பாய்_07:
இதனால்தான் சொல்கிறேன், பற்றரி என்றால் வைஃபையே வேண்டாம். சிக்பீ சென்சர் வாங்குங்கள், அது குறைந்த கரண்டில் கதைக்கிற வேறு ரேடியோ முறை. ஒரு வட்டப் பற்றரியில் வருடக்கணக்கில் ஓடும். ஃபேர்ம்வெயரும் மாற்றத் தேவையில்லை.

ஈயக்கம்பி:
சிக்பீக்கு ஹப் என்ற நடுப் பெட்டி வேண்டும், ஹப்புக்குக் கரண்ட் வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நேரம் உங்கள் ஹப் என்ன செய்திருக்கும்?

கோப்பாய்_07:
உங்கள் ரவுட்டர் மட்டும் பெற்றோல்மக்ஸில் ஓடியதா? இரண்டுக்கும் ஒரே யுபிஎஸ்தான். சிக்பீ என்றாலே உங்களுக்கு ஏன் ஏறுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதைப் பிரித்துப் பழுது பார்க்க ஒருவரும் உங்கள் கடைக்கு வரமாட்டார்கள்.

ஈயக்கம்பி:
என் கடைக்கு வருகிறவர்கள் யாரென்று நான் உங்களிடம் கேட்கவில்லை. பேச்சை மாற்ற வேண்டாம். கேள்வி இரண்டாவது சிப்பைப் பற்றியது.

வளவுக்காரன்:
இரண்டாவது சிப், இரண்டாவது சிப். அந்தச் சிப்போடு டாஸ்மோட்டா கதைக்கும். துயா என்ற சீனக் கம்பனியின் சாதனங்களில் இருக்கிற அந்தச் சிப்புக்காகத் துயாஎம்சியூ என்று தனிப் பகுதியே அதில் இருக்கிறது. 2016இல் தியோ ஆரென்ட்ஸ் சோனொஃப் சுவிட்சுக்காகத் தொடங்கியது இன்று எத்தனை சாதனத்தில் ஓடுகிறது! உலகம் முழுக்க ஆட்கள் இலவசமாக உழைத்துத் தந்திருக்கிறார்கள். நீங்களோ பற்றரியைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்கள். நான் ஏன் இதை ஏற்றச் சொன்னேன்? என் வீட்டு விறாந்தையில் எத்தனை மணிக்கு ஆள் நடமாடுகிறது, எத்தனை மணிக்கு வீடு வெறுமையாகக் கிடக்கிறது என்ற கணக்கு எனக்குத் தெரியாத ஒரு சேர்வரில் ஏன் இருக்க வேண்டும்? ஃபைபர் அறுந்தால் படலை மணி ஏன் ஊமையாக வேண்டும்? சாதனங்கள் தகவல் அனுப்புகிற எம்கியூடிடி முறை வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. இணையம் இல்லாவிட்டாலும் என் மணி அடிக்கும்.

ஈயக்கம்பி:
அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. என் வீட்டுச் சுவிட்ச் எல்லாவற்றிலும் டாஸ்மோட்டாதான். நேரடிக் கரண்டில் ஓடுகிறவை அவை. நான் கேட்பது பற்றரியை. கிணற்று மோட்டரை மாற்றிவிட்டு, சுவிட்ச் போடுகிற ஆளையும் மாற்றிவிட்டேன் என்கிறீர்கள்.

துயாஎம்சியூ பகுதியையும் சொல்லிவிட்டீர்கள், நல்லது. அந்தச் சின்னச் சிப், வைஃபை மொடியூல் "சேர்வரோடு இணைந்துவிட்டேன்" என்று பதில் சொல்லும்வரை அசைவைச் சொல்லாது. பதில் தாமதித்தால் கரண்டை வெட்டிவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். முழிப்பதும் படுப்பதும் அதன் கையில். அப்படியானால் டாஸ்மோட்டாவின் டீப் ஸ்லீப் அங்கே எதற்கு? கரண்டே இல்லாத மொடியூல் எப்படித் தூங்கும்?

பனிக்கால_யாழ்ப்பாணி (ரொறன்ரோ):
அண்ணைமார், அம்மா இணுவிலில் தனியாக இருக்கிறா. நான் அனுப்பிக் கொடுத்த சென்சரை யாரோ ஒருவர் "திறந்த மூலம்" என்று மாற்றிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு என் போனுக்கு ஒரு அறிவிப்பும் வரவில்லை. சீனா சேர்வரை வெட்டினால் வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு எப்படித் தெரியும்?

வளவுக்காரன்:
ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில், வீட்டுச் சாதனங்களை நடத்துகிற ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் போட்டு, விபிஎன் என்ற பாதுகாப்பான இணைய வழியாக உள்ளே வரலாம். அதைச் செய்து தராமல் போனவர் அரைகுறை வேலை செய்திருக்கிறார். டாஸ்மோட்டாவில் குற்றமில்லை.

பனிக்கால_யாழ்ப்பாணி:
அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ராஸ்பெரி பை நின்றுபோனால் யார் பார்ப்பது?

கோப்பாய்_07:
கனடாவிலிருந்து சென்சர் அனுப்புகிறவர்கள் இங்கே பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் எடுக்கலாம். சென்சரைவிட அது நம்பிக்கை.

பனிக்கால_யாழ்ப்பாணி:
ஒவ்வொரு நாளும் எடுக்கிறேன். என் குடும்பத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? சென்சரைப் பற்றிக் கேட்டால் சென்சரைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஈயக்கம்பி:
பனிக்கால, உங்கள் கேள்வி நியாயமானது. அம்மா வீட்டில் பற்றரி சென்சர் என்றால் பழைய ஃபேர்ம்வெயரோடே விட்டிருக்க வேண்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் யுஎஸ்பி கரண்டில் ஓடுகிற சென்சரில் மாற்றியிருக்க வேண்டும். வளவுக்காரனைப் போன்றவர்கள் "எல்லாவற்றிலும் ஏற்றலாம்" என்று எழுதுவதால் வருகிற வினை இது.

வளவுக்காரன்:
நான் இணுவிலுக்குப் போய் ஒன்றையும் கழற்றவில்லை. செய்யாத வேலையை என் தலையில் கட்டாதீர்கள். போன வருடம் இன்வேர்ட்டர் விசயத்திலும் இப்படித்தான், நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதி என்னை வாயடைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

புதுசு:
என்னுடைய சென்சர் ஏற்றிய அடுத்த நாளே ரவுட்டரின் பாஸ்வேர்ட்டை மறந்துவிடுகிறது. திரும்பக் கொடுத்தால் திரும்ப மறக்கிறது. கெட்டுவிட்டதா?

ஈயக்கம்பி:
கெடவில்லை. இதுவும் அந்த இரண்டாவது சிப்பின் வேலைதான், எல்லாரும் கவனியுங்கள். தொடர்ந்து ஏழு தரம் சட்டுச் சட்டென்று கரண்ட் போய் வந்தால், "என்னை மீட்கச் சொல்கிறார்கள்" என்று டாஸ்மோட்டா எடுத்துக்கொண்டு, செட்டிங் எல்லாவற்றையும் அழித்துப் பழைய நிலைக்குப் போகும். சின்னச் சிப் ஒவ்வொரு அசைவுக்கும் கரண்டைப் போட்டுப் போட்டு வெட்டுவதால் அது தானாகவே நடந்துவிடுகிறது. டாஸ்மோட்டாவில் கட்டளை எழுதுகிற கொன்சோல் பக்கத்தில் செட்ஒப்ஷன்65 என்பதை 1 ஆக்குங்கள், இந்த அழிப்பு நிற்கும். கரண்டை வெட்டுவது யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, வளவுக்காரன்?

வளவுக்காரன்:
செட்ஒப்ஷன்65ஐப் பற்றிப் போன வருடமே நான் எழுதியிருக்கிறேன். என் சென்சரில் அது முதல் நாளே 1. அதனால்தான் ஓடுகிறது.

ஈயக்கம்பி:
அப்படியானால் உங்கள் சென்சரிலும் கரண்டை வெட்டுவது சின்னச் சிப். பற்றரியைக் காப்பாற்றுவதும் அது. டாஸ்மோட்டா "கூட நாள்" எதைக் கொடுத்தது?

வளவுக்காரன்:
கூட நாள் கொடுத்தது என்று நான் பார்த்தேன். முந்தி மாதத்துக்கு மாதம் பற்றரி மாற்றினேன். இப்போது மாற்றவில்லை.

கோப்பாய்_07:
முந்தி மாசி, பங்குனி வெயிலில் மாற்றியிருப்பீர்கள். இப்போது மழை. பிஐஆர் பார்ப்பது சூட்டின் வித்தியாசத்தை. வெயிலில் காய்ந்த வாழையிலை காற்றில் ஆடினாலும் அதற்கு ஆள்தான். எத்தனை தரம் வீணாக முழித்திருக்கும்! ஃபேர்ம்வெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வளவுக்காரன்:
என் படலையடியில் வாழை இல்லை. பூவரசு.

கோப்பாய்_07:
பூவரசுக்கு இலை இல்லையா?

ஈயக்கம்பி:
இலை, வாழை எல்லாம் பிறகு. ஒரு படம் போடுங்கள் வளவுக்காரன். மூடியைக் கழற்றி போர்டைப் படம் எடுங்கள். வைஃபை மொடியூலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். 2020க்குப் பிறகு துயாக்காரர் நிறைய மொடியூலை இஎஸ்பியிலிருந்து பிகே7231 என்ற வேறு சிப்புக்கு மாற்றிவிட்டார்கள். அதில் டாஸ்மோட்டா ஏறவே ஏறாது. வயர் இல்லாமல் துயா-கன்வேர்ட் என்ற கருவியால் ஏற்றிய காலமும் போய்விட்டது, அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

வளவுக்காரன்:
பிகே7231 என்றால் ஓபன்பீக்கன் என்ற திறந்த மூல ஃபேர்ம்வெயர் இருக்கிறது. இஎஸ்பிஹோம் என்ற மற்றதையும் ஏற்றலாம். ஓட்டை அடைக்காத பழைய மொடியூலில் கிளவுட்கட்டர் என்ற கருவியால் ஏற்றினால் மூடியே கழற்றத் தேவையில்லை. உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

ஈயக்கம்பி:
அப்போது உங்கள் சென்சரில் இருப்பது டாஸ்மோட்டாவா, ஓபன்பீக்கனா? நேற்று ஒன்று சொன்னீர்கள்.

வளவுக்காரன்:
டாஸ்மோட்டா. நேற்றும் அதுதான், இன்றும் அதுதான்.

ஈயக்கம்பி:
படம்?

வளவுக்காரன்:
மழைக்குத் தண்ணீர் போகாமல் சிலிக்கன் பூசி மூடியிருக்கிறேன். உங்களுக்குப் படம் காட்டுவதற்காக அதை வெட்ட மாட்டேன்.

பனிக்கால_யாழ்ப்பாணி:
என் கேள்விக்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை. பழைய ஃபேர்ம்வெயரைத் திரும்பப் போடலாமா, இல்லையா?

ஈயக்கம்பி:
மாற்றுவதற்கு முன் பழையதைக் கணினியில் எடுத்து வைத்திருந்தால் போடலாம். மாற்றினவரிடம் கேளுங்கள். எடுத்து வைக்கவில்லை என்றால் புதிது வாங்குவது சுகம். திறந்து வேலை செய்யும்போது பற்றரியைக் கழற்றச் சொல்லுங்கள், 3.3 வோல்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 5 வோல்ட் கொடுத்து எரித்த மொடியூல்கள் என் மேசையில் கிடக்கின்றன.

கோப்பாய்_07:
அந்தப் பொடியனிடம் இன்று காலை எவ்வளவு வாங்கினீர்கள்? அதையும் எழுதுங்கள்.

ஈயக்கம்பி:
ஒரு சதமும் வாங்கவில்லை. அவனே வந்து இங்கே எழுதட்டும். சென்சர் பற்றி ஒரு வரி சரியாக எழுதத் தெரியாதவர் கூலிக் கணக்குப் பார்க்க வந்துவிட்டார்.

வளவுக்காரன்:
பாருங்கள், கேள்வி கேட்டால் எல்லாரிடமும் இவருக்கு இதே பேச்சுத்தான். என் சென்சர் ஓடுகிறது.

ஈயக்கம்பி:
ஓடவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? எந்தச் சிப்பால் ஓடுகிறது என்று கேட்கிறேன். மழை விட்ட பிறகாவது மூடியைத் திறந்து படம் போடுங்கள்.

வளவுக்காரன்:
இன்வேர்ட்டர் விசயத்தில் நான் படம் போட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "படம் தெளிவில்லை." முதலில் அதற்கு வாருங்கள்.