ஸ்ரீதேவி படங்களை வீடியோ கேசட்டில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தியேட்டரில் நான் பார்த்த ஸ்ரீதேவி படம் மொத்தமே இரண்டுதான். மற்றதெல்லாம் கேசட், அப்புறம் விசிடி, அப்புறம் டிவிடி. அதனால் எனக்குத் தெரிந்த ஸ்ரீதேவியின் முகத்தில் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். கோட்டைப் போக்குவதற்கான டிராக்கிங் குமிழைத் திருகத் திருக அது நெற்றியிலிருந்து தாடைக்கு இறங்கும், மறுபடி நெற்றிக்கு ஏறும், போகவே போகாது.

1986 வாக்கில் எங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்து டிவியும், கேசட் போடுகிற டெக்கும் வாடகைக்கு எடுப்போம். ஒரு ராத்திரிக்கு மூன்று படம். முதலில் பெரியவர்களுக்காக ஒரு சிவாஜி படம், நடுவில் பையன்களுக்காக ஒரு சண்டைப் படம், பாதிப் பேர் பாயில் தூங்கிய பிறகு மூன்றாவதாக எது மிச்சமோ அது. அப்படி மிச்சமாக வந்ததுதான் மூன்றாம் பிறை. 'பொன்மேனி உருகுதே' ஆரம்பித்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு "தள்ளி விடுப்பா, தள்ளி விடு" என்றார். கடைப்பையன் ஃபார்வர்டை அமுக்கினான். படம் தெரிந்துகொண்டேதான் ஓடும் அந்த டெக்கில். கமலும் சில்க்கும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி நாலு மடங்கு வேகத்தில் துடிக்க, தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். பையன் பதறிப்போய் ரொம்ப தூரம் ஓட்டிவிட்டான், திரும்ப ரீவைண்ட் செய்தான், சரியாக அதே பாட்டுக்கு நடுவில் போய் நின்றது. அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

சொல்ல வந்தது அதில்லை. நினைவு தப்பிக் குழந்தை மாதிரி ஆகிவிட்ட விஜியை, அதாவது ஸ்ரீதேவியை, சீனுவாக வருகிற கமல் பார்த்துக்கொள்கிறார்; கடைசியில் நினைவு திரும்பியதும் அவரையே மறந்துவிட்டு அவள் ரயிலேறிவிடுகிறாள். அந்தக் கிளைமாக்ஸில் எல்லாரும் கமலைத்தான் பார்ப்பார்கள். அந்தப் படத்துக்குத் தேசிய விருதும் அவருக்குத்தான் கிடைத்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் டெக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னேன். இந்தத் தடவை ரயில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒருத்தன் தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்காட்டம் ஆடுகிறான், அவள் பார்க்கிறாள். யாரோ ஒரு பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை, கொஞ்சம் பாவம் என்கிற மாதிரி, அவ்வளவுதான். படம் முழுக்கச் 'சீனு, சீனு' என்று கூப்பிட்ட அந்தக் குழந்தை முகம் துடைத்துப் போட்ட மாதிரி காணாமல் போயிருந்தது. அழுது நடிக்கிற காட்சியைவிட இது கஷ்டம் என்பது என் கட்சி. தியேட்டரில் இதைப் பிடிக்க முடியாது, நம் கண்ணே கலங்கியிருக்கும். ரீவைண்ட் இருந்ததால் எனக்கு மாட்டியது.

உங்களுக்கு எந்தப் படம், எந்தக் காட்சி? எதில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

எனக்கு ஜானி. மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய்க்கு வந்த காலம், 2007க்கு அப்புறம். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பழைய விசிடி, எந்தக் கடையில் வாங்கியது என்றுகூட ஞாபகமில்லை. இரண்டு தட்டில் இரண்டாவதை என் தம்பி தரையில் வட்டமாகச் சுற்றி விளையாடிவிட்டான். பற்பசை தடவித் தேய்த்தேன், பழைய பனியனால் துடைத்தேன், பிளேயர் 'கிர் கிர்' என்று முனகிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டும். ஆக ஒரு வருஷம் முழுக்க நான் பார்த்தது பாதி ஜானி. அந்தப் பாதியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. என் மனசில் அர்ச்சனா என்பவள், அதாவது ஸ்ரீதேவி, மேடையில் பாடுவாள், எல்லாம் நல்லபடியாக இருக்கும், 'என் வானிலே' வரும், படம் முடிந்துவிடும்.

புதுசு வாங்கி மிச்சத்தைப் பார்த்தபோது கொட்டுகிற மழையில் கேட்க ஆளே இல்லாத மேடையில் அவள் மட்டும் நின்று 'காற்றில் எந்தன் கீதம்' பாடுகிறாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது, ஒரு வருஷமாக என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று.

அண்ணா சொன்ன ரீவைண்ட் விஷயம் சரிதான். நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அவள் தன் மனசைச் சொல்கிற இடம். கல்யாணப் பேச்சை அவளே எடுக்கிறாள், ஜானியாக வருகிற ரஜினி தயங்குகிறான், தான் பலபேர் முன்னால் பாடுகிறவள் என்பதால்தான் யோசிக்கிறானோ என்று இவள் நினைத்துவிடுகிறாள். 1980இல் வந்த படத்தில் ஒரு பெண் குரலை உயர்த்தாமல் இப்படிக் கேட்கிறாள். பேசுவதற்கு முன்னால் ஒரு வினாடி எச்சில் விழுங்குவாள், கவனித்திருக்கிறீர்களா? வசனத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். எங்கள் அம்மாவின் கருத்து வேறு: "பாட்டுக் கச்சேரிக்குப் போறவ இவ்ளோ சாதாரணப் புடவையா கட்டுவா?"

---

நான் யாழ்ப்பாணம். 91, 92இல் எங்களுக்குக் கரண்டே இல்லை. படம் பார்ப்பதென்றால் ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுக்க வேணும். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். ஒழுங்கையில் உள்ள எல்லாரும் எங்கட முற்றத்தில்தான். மெஷின் சத்தத்தில் வசனம் பாதி கேளாது, முகத்தைப் பார்த்துத்தான் கதை பிடிக்க வேணும்.

16 வயதினிலே ஓடினது. தொடக்கத்திலேயே மயில், அதுதான் ஸ்ரீதேவி, ஸ்ரேஷனில் சப்பாணிக்காக, அதுதான் கமலுக்காக, காத்துக்கொண்டிருப்பாள், பிறகு கதை பின்னால் போகும். சப்பாணி ஜெயிலுக்குப் போகிற இடம் வந்தது, மண்ணெண்ணெய் முடிஞ்சுது. வேற எண்ணெய் இல்லை, எல்லாரும் எழும்பிப் போயிட்டினம். எனக்கு எட்டு வயசு. அக்காவிடம், அவள் முந்தியே பார்த்தவள், "சப்பாணி வந்தவனோ?" என்று கேட்டேன். "ஓம், வந்தவன், நீ படு" என்றாள்.

பதினைந்து வருஷம் கழித்து ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் கடையில் டிவிடி வாங்கிப் பார்த்தேன். கடைசிவரைக்கும் அவன் வரவேயில்லை. அவள் அந்த ஸ்ரேஷனிலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், படம் முடிஞ்சுது. அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டால், "அந்த நேரம் வேற என்னத்தையடா சொல்லுறது" என்றாள்.

---

எல்லாரும் உருகிவிட்டீர்கள், நான் கொஞ்சம் கல் போடுகிறேன். மயில் காத்திருப்பது, விஜி ஒன்றும் அறியாமல் இருப்பது, இரண்டுமே இப்போது என்னால் முழுசாகப் பார்க்க முடிவதில்லை. மூன்றாம் பிறையில் கதை முழுக்க சீனுவின் துக்கம். அந்தப் பெண்ணுக்கு நினைவு திரும்பியது நல்ல விஷயம்தானே? அதற்காக யாராவது ஒருத்தர் சந்தோஷப்பட்டிருக்கிறோமா? மூன்று முடிச்சு டிவிடியைப் போட்டுவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். பிறந்தது 1963, படம் 1976. பதின்மூன்று வயசுப் பிள்ளை! அதற்கப்புறம் அந்தப் புடவையும் கொண்டையும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. நடிப்பைக் குறை சொல்லவில்லை, அந்த வயசில் ரஜினிக்குச் சித்தியாக வந்து அவரை ஒரு பார்வையில் அடக்குகிறாள் என்றால் அது சாதாரணமில்லை. சங்கடம் எனக்குத்தான்.

எனக்குப் பிடித்தது வறுமையின் நிறம் சிவப்பு. 'சிப்பி இருக்குது' பாட்டில் அவள் மெட்டைக் கொடுக்கிறாள், அவன், அதாவது கமல், வார்த்தை கட்டுகிறான். மாட்டிக்கொள்ளட்டும் என்று மெட்டை வளைத்துவிட்டு, அவன் சமாளித்ததும் ஒரு தோற்ற சிரிப்பு சிரிப்பாள். ஸ்ரீதேவிக்குச் சிரிப்புதான் பலம். அழவிட்டே புகழ்கிறோம்.

---

ஒரே ஒரு வார்த்தை. இதையெல்லாம் விசிடியில் பார்த்துவிட்டு "கண்ணில் ஒன்றுமே தெரியவில்லையே" என்று சொல்கிறவர்களை மன்னித்துவிடுங்கள். விசிடியில் படமே 352க்கு 288 புள்ளிதான். தூரத்து ஷாட்டில் ஒரு கண்ணுக்கு இரண்டு புள்ளி கிடைத்தால் அதிகம். பாதி தட்டுகளில் மூலையில் கம்பெனி முத்திரை, கீழே ஓடுகிற போன் நம்பர். என்னிடம் இருந்த சிகப்பு ரோஜாக்கள் தட்டில், ஸ்ரீதேவி அந்த அறைக்குள் போய் மிரளும்போது சரியாக முகத்தின் மேல் முத்திரை. பயந்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

---

ஆரம்பித்தவன் மறுபடி வந்திருக்கிறேன். கல் போட்டவருக்கு: சரி, விஜிக்காகச் சந்தோஷப்படவில்லை என்பது உண்மைதான், இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. ஆனால் ஜன்னல் பார்வையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த ராத்திரி பாயில் தூங்கியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அவள் ஸ்ரீதேவி படம் ஒன்றை முழுசாகப் பார்த்தது 2012க்கு அப்புறம்தான், இங்கிலீஷ் விங்கிலீஷ், நான் வாங்கி வந்த டிவிடியில். அஜித் வருகிறார் என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். காபிக் கடையில் சசி ஆர்டர் கொடுக்கத் தெரியாமல் திணறுகிற இடம் வந்ததும் "நிறுத்து" என்றாள். கண் வலிக்கிறதோ என்று நினைத்து நிறுத்தினேன். ஸ்ரீதேவி வாயைப் பாதி திறந்தபடி திரையில் நிற்க, அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேங்கில் செலான் எழுதத் தெரியாமல் ஒருநாள் நின்றதைச் சொன்னாள். அப்பாவுக்குக்கூடத் தெரியாதாம். சொல்லி முடித்துவிட்டு, "ம், போடு" என்றாள்.