புதுப்பிப்பு: அந்த டிரஸ்ஸர் லேன் கம்பெனியுடையதுதான்!

பழைய புரூட்டலிஸ்ட் டிரஸ்ஸர் (கரடுமுரடான பாணியில் செய்த இழுப்பறை அலமாரி) ஒன்று வாங்கி, அது எந்த வருஷத்தது, கழன்று வந்த ஒரு கட்டையை எப்படி ஒட்டுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வர்ஜீனியா மாநிலம் அல்டாவிஸ்டாவில் இருந்த லேன் கம்பெனி செய்தது. முதுகில் 372250 என்று முத்திரை. லேன் எண்ணைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும்: 052273, அதாவது 1973 மே 22!

அப்புறம் அந்தக் கட்டை. முகப்பு முழுக்க வால்நட் துண்டுகள், ஒன்று மேடு, ஒன்று பள்ளம். அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் பால் எவன்ஸின் உலோக அலமாரிகளில் இருக்கும் அதே முரட்டு அழகு. பழைய பசையைச் சுரண்டி, மர ரேகை பார்த்துப் பொருத்தி, ராத்திரி முழுக்க கிளாம்ப் போட்டு வைத்தேன். கழன்றது எது என்று இப்போது எனக்கே தேட வேண்டியிருக்கிறது. மெழுகு மட்டும் பூசவில்லை. இடுக்குகளில் வெள்ளையாகத் தங்கிவிடும்.