தோள்பட்டை அறுவைக்கு முன் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வது ஏன்?

கேள்வி:
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. தோள்பட்டையில் மூட்டைச் சூழ்ந்து பிடிக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாண் கிழிந்திருப்பது எம்ஆர்ஐயில் தெரிந்தது. விழுந்து அடிபட்டதால் அல்ல, சில ஆண்டுகளாகத் தேய்ந்து கிழிந்ததாம். எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையில் 9.1 இருப்பதைக் கண்ட மருத்துவர், 8-க்குக் கீழே இறங்கிய பிறகு வரச் சொல்லிவிட்டார். உயர் இரத்த அழுத்தமும் உடற்பருமனும் உண்டு. நுண்துளை வழியே செய்யும் அறுவைக்கு இவ்வளவு தயக்கம் ஏன்? வலியால் அம்மா இரவில் தூங்குவதே இல்லை.

மறுமொழி 1:
நான் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர். துளை சிறியதுதான், ஆனால் தைத்த தசைநாண் எலும்போடு ஒட்டி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும், அந்த ஒட்டுதலைத்தான் சர்க்கரை கெடுக்கிறது. நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை தசைநாணில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளோடு பிணைந்து அவற்றை விறைப்பாக்குகிறது, நுண்குழாய்களில் இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. அதனால் தைத்த இடம் மீண்டும் கிழிவதும், தோள் இறுகிப்போவதும், தொற்று ஏற்படுவதும் சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதல். தேய்மானக் கிழிசல் என்பதால் சில மாதங்கள் பொறுக்கலாம். திடீரென விழுந்து கிழிந்திருந்தால் இவ்வளவு காத்திருக்கச் சொல்ல மாட்டேன். எச்பிஏ1சி ஏறத்தாழ 3 மாதச் சர்க்கரையின் சராசரி என்பதால், கடைசி வாரத்தில் பட்டினி கிடந்து அதை இறக்க முடியாது.

மறுமொழி 2:
மயக்க மருத்துவத் துறையில் இருக்கிறேன். சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாது. தோள் அறுவைக்காகக் கழுத்தோரம் போடும் மரத்துப்போகச் செய்யும் ஊசி, பெரும்பாலும் மூச்சுக்கு உதவும் அந்தப் பக்கத்து உதரவிதான நரம்பையும் சில மணி நேரம் மரக்கச் செய்துவிடும். மற்றவர்கள் இதை உணராமலே கடந்துவிடலாம். பருமனும் உறக்க மூச்சுத்தடையும் (தூக்கத்தில் அவ்வப்போது மூச்சு நின்றுபோவது) உள்ளவருக்கு மூச்சு திணறலாம். மேலும், சாய்ந்து அமர்ந்த நிலையில் அறுவை நடந்தால், மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் அழுத்தம் கையில் அளப்பதைவிடக் குறைவாக இருக்கும். பல ஆண்டு இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இது குறித்து மிகவும் கவனமாக இருப்போம். அம்மா குறட்டை விடுவாரா? மாத்திரைப் பெயர்களில் ஏதேனும் ‘ஃப்ளோசின்’ என்று முடிகிறதா?

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. குறட்டை உண்டு, சில நேரம் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவார். சர்க்கரைக்காக டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறார்.

மறுமொழி 2:
அப்படியானால் நாள் குறிக்கும் முன்பே உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த மாத்திரையை அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். இல்லாவிட்டால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோ அமிலம் இரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேரக்கூடும். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே நிறுத்தவேண்டிய தேதியையும் மாற்று மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 3:
எனக்கும் இதே அறுவை நடந்தது, நானும் சர்க்கரை நோயாளி. காத்திருந்த நாட்களில் வலிக்காகத் தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். சில நாட்கள் சர்க்கரை தாறுமாறாக ஏறியது. அம்மாவுக்கு யாரேனும் அந்த ஊசியைப் பரிந்துரைத்தால், அறுவை செய்யப்போகும் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ஊசிக்கும் அறுவைக்கும் போதிய இடைவெளி இல்லையென்றால் தொற்று அபாயம் கூடும் என்று எனக்கு அறுவைத் தேதியையே தள்ளிவைத்தார்கள்.