பழைய டெலிகாவோட எட்மன்டன் குளிருக்குப் போறன், எதை முதல் செய்யிறது?

சரேப்பொடியன்:
வணக்கம். என்னட்ட 1997 மிட்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியர் வான் நிக்குது. 2.8 டீசல், 4எம்40 எஞ்சின், ஜப்பானில இருந்து இறக்கினது. இவ்வளவு நாளும் கனடாவில வன்கூவர் பக்கம் இருக்கிற சரே மழைக்குள்ளதான் ஓடினது, கரைச்சல் ஒண்டும் தரேல்ல. வேலை மாறி டிசம்பர் கடைசியில எட்மன்டன் போறன். அங்க வான் வெளியிலதான் நிக்கும், ஆனா பார்க்கிங்கில கரண்ட் பிளக் இருக்காம். காலமையில ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு வெள்ளைப் புகை கக்கும், பிறகு சரி. சிநேகிதன் சொல்லுறான் சீன டீசல் ஹீற்றர் ஒண்டு பூட்டு, எல்லாம் தீரும் எண்டு. கையில ஆயிரம் டொலர் கிட்டத்தான் இருக்கு.

பழைய ஸ்பனர் (எட்மன்டன்):
தம்பி, அந்தச் சீன ஹீற்றர் உங்களைச் சூடாக்கும், எஞ்சினைச் சூடாக்காது. அதை இப்ப விடுங்கோ.

உங்கட பிரச்சினை அந்த வெள்ளைப் புகைக்குள்ள கிடக்கு. சரேக் குளிருக்கே ஆடுதெண்டா, ஸ்டார்ட் பண்ணேக்க எஞ்சினுக்குள்ள சூடு குடுக்கிற ஹீற்றர் பிளக் நாலில ஒண்டு ரெண்டு செத்திருக்கோணும். பிளக்குகளை இணைக்கிற தகட்டைக் கழட்டிப்போட்டு ஒவ்வொண்டையும் தனித்தனியா மீற்றரில பாருங்கோ. ஒரு ஓம் கிட்ட, இல்லாட்டி அதிலும் குறையக் காட்டினா உயிரோட இருக்கு. ஒண்டும் காட்டாட்டி முடிஞ்சுது. மாத்தினா நாலையும் மாத்துங்கோ. பழைய பிளக்கில என்ன வோல்ட் எண்டு பார்த்து அதையே வாங்குங்கோ, எல்லாம் 12 வோல்ட் எண்டு நினைக்கக்கூடாது. கழட்ட முதல் துரு இளக்கிற எண்ணெய் அடிச்சு ஒரு இரவு விடுங்கோ. முறிஞ்சு உள்ளுக்க நிண்டா எஞ்சின்ர ஹெட்டைக் கழட்டவேண்டி வரும். ஊரில டெலிகா ஓட்டின எங்களுக்கு இப்பிடி ஒரு சாமான் இருக்கிற நினைவே வாறேல்ல, அங்க சாவியைத் திருப்பினாக் காணும்.

நீங்கள் கேக்காத விசயம் டீசல். குளிரில டீசலுக்குள்ள இருக்கிற மெழுகு உறைஞ்சு ஃபில்ரரை அடைக்கும். அதாலதான் மாகாணத்துக்கு மாகாணம், மாதத்துக்கு மாதம் வேற கலவை விக்கிறாங்கள். வன்கூவர் பக்கம் அடிச்ச டீசல் அந்த ஊர்க் குளிருக்குக் கலந்தது, மைனஸ் 30க்கு இல்லை. ராங்க் நிரப்பி வெளிக்கிடாதேங்கோ. கம்லூப்ஸ் போகக் காணுமான அளவு அடியுங்கோ, அங்க பாதி, ஜாஸ்பர் தாண்டி ஹின்டனில முழுசா. உறையாமல் இருக்கிற மருந்து விடுறதெண்டா டீசல் தண்ணியா இருக்கேக்கயே விடோணும். மெழுகு கட்டினாப் பிறகு அது வேலை செய்யாது. வெளிக்கிட முதல் ஃபில்ரரை மாத்தி, அடியில நிக்கிற தண்ணியை இறக்கி விடுங்கோ. இன்னொரு ஃபில்ரர் வானுக்குள்ள கிடக்கட்டும்.

கோவை டு கல்கரி:
அண்ணன் சொன்னது சரி. நான் டொயோட்டா ஹையேஸ் வேன் வச்சிருக்கேன், என் அனுபவத்துல முதல்ல காலை வாரினது பேட்டரி. மேல போட்டிருக்கிற சிசிஏ எண், அதாவது குளிர்ல ஸ்டார்ட் பண்ண எவ்வளவு கரண்ட் குடுக்கும்ங்கிறது, மைனஸ் 18ல அளந்தது. அதுக்குக் கீழ போனா இன்னும் இறங்கும், அதே நேரம் டீசல் எஞ்சின சுத்துறதுக்கு மத்த நாளை விட அதிகம் வேணும். ஜப்பான்லயே குளிர் ஊருக்குன்னு வித்த டீசல் ஹையேஸ்ல ரெண்டு பேட்டரி இருக்கும். உங்க வண்டி எதுன்னு முதல்ல பாருங்க. அப்புறம், சீன ஹீட்டர அவ்வளவு கேவலமா சொல்லாதீங்க, பனில மாட்டி ராத்திரி ரோட்டுல நின்னா அதுதான் தெய்வம் :)

சரேப்பொடியன்:
நன்றி அண்ணை. மீற்றர் பிடிச்சுப் பார்த்தன், ரெண்டு பிளக் அவுட். பற்றறி ஒண்டுதான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுறார் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே ஒரு ரின் வைச்சிருந்தாக் காணுமாம். கரண்டில எஞ்சினைச் சூடாக்கிற பிளொக் ஹீற்றர் அவசியம் வேணுமோ?

பழைய ஸ்பனர் (எட்மன்டன்):
ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அது ஈதர். சூட்டில பழுத்து நிக்கிற ஹீற்றர் பிளக்கில பட்டா நேரங்கெட்ட நேரத்தில வெடிச்சு பிஸ்டனையே உடைக்கும். அந்த ரின்னை அவரிட்டயே குடுத்துவிடுங்கோ.

பிளொக் ஹீற்றர் கட்டாயம். இதுக்குத்தான் அந்தப் பார்க்கிங்கில பிளக் வைச்சிருக்கிறாங்கள். பூட்டேக்க எப்பிடியும் கூலன்ட் இறக்கவேணும், அதோட சேர்த்துப் புதுசு விடுங்கோ. தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். வெப்ப ஊரில ஓடின வானுகளில ஆரோ வெறும் தண்ணி நிரப்பியிருப்பாங்கள், அதை நம்பி எட்மன்டன் வந்தா பிளொக் வெடிக்கும். பின் சீற்றுக்குச் சூடு கொண்டுபோற குழாய் வானுக்கு அடியால போகுது. அந்த இரும்பு துருப்பிடிச்சு ஒழுகிறது இந்த மொடலில வழமை, லிஃப்டில நிக்கேக்கயே பார்க்கச் சொல்லுங்கோ.

எஞ்சின் எண்ணெய் 5டபிள்யூ-40 சிந்தெற்றிக். காசு மிஞ்சினா நல்ல பற்றறி. மைனஸ் 15க்குக் கீழ போனா பிளொக் ஹீற்றரைக் கரண்ட் பிளக்கில குத்துங்கோ, இரவு முழுக்க வேண்டாம். ரைமர் வைச்சு, எடுக்கிறதுக்கு மூண்டு நாலு மணித்தியாலம் முதல் தொடங்கினாக் காணும். வயர் வெளியில பாவிக்கிற தடிப்பு வயரா இருக்கவேணும். அதைக் கழட்டாமல் வானை எடுத்துக்கொண்டு போறவை இந்த ஊரில ஒவ்வொரு வருசமும் இருக்கினம், ஸ்டியரிங்கில துணியொண்டு கட்டிவிடுங்கோ.