அமெரிக்காவில் சின்ன ஊர்களுக்கு விமானம் ஓட யார் பணம் கொடுக்கிறார்கள்?

லாசுப்பேட்டைவாசி:
வணக்கம். எங்கள் வீட்டிலிருந்து புதுச்சேரி விமான நிலையத்து மதிலுக்கு நடந்தே போகலாம். 2013 ஜனவரியில் புது முனையம் திறந்து பெங்களூர் விமானம் வந்தபோது, அம்மாவை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். அடுத்த வருடமே அது நின்றுபோனது. சின்ன ஊர்களுக்கு விமானம் ஓட மத்திய அரசு உதவும் உடான் திட்டத்தில் 2017 ஆகஸ்டில் ஐதராபாத் விமானம் வந்தது. இடையில் நின்றுபோய், 2024 டிசம்பரில் திரும்பவும் சேவை தொடங்கியது. கட்டடம் என்னவோ அப்படியே நிற்கிறது. அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களுக்கும் விமானம் ஓடுகிறது என்கிறார்களே, அது எப்படிச் சாத்தியமானது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை பொறியாளர்:
தம்பி, அங்கே பதினோரு வருடம் ஓடுதளப் பராமரிப்பு வேலையில் இருந்தேன், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: விமான நிலையம் கட்டக் கொடுக்கும் பணம் வேறு, விமானம் வந்துபோகக் கொடுக்கும் பணம் வேறு. அமெரிக்காவில் முதலாவதற்குத் தனித் திட்டம் வந்தது 1946இல், இரண்டாவதற்கு வந்தது 1978இல்.

அங்கே 1926இல் வந்த விமான வணிகச் சட்டம்தான் தொடக்கம். விமானிக்கு உரிமம், விமானத்துக்குப் பதிவு, வான்வழியில் ஒளிவிளக்கு எல்லாம் மத்திய அரசின் பொறுப்பு. விமான நிலையம் மட்டும் ஊர்க்காரர்கள் பாடு. கப்பல் துறைமுகங்களைப் பார்த்து வந்த ஏற்பாடு அது. நம் கடற்கரைச் சாலைப் பழைய கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: விளக்கு அரசாங்கத்தினுடையது, துறைமுகம் ஊராருடையது என்கிற கணக்கு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 சட்டம் விமான நிலையங்கள் கட்ட ஏழு வருடத்துக்கு 50 கோடி டாலர் ஒதுக்கியது. பாதிச் செலவை ஊர் போட வேண்டும். 1956இல் கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிதான் 1958 சட்டத்துக்கு வேகம் கொடுத்தது. வான்வெளிக் கட்டுப்பாடும் பாதுகாப்பு விதிகளும் ஒரே அமைப்பின் கையில் வந்தன.

நான் பிழைத்த பிழைப்பு 1970 சட்டத்தால் வந்தது. பயணச்சீட்டு வரி, எரிபொருள் வரி எல்லாம் தனி நிதியத்தில் சேரும். நாங்கள் பார்த்த சின்ன விமான நிலையத்தில் ஓடுதளத்துக்கு மறுபூச்சு போட்டபோது பத்தில் ஒன்பது பங்கு அந்த நிதியிலிருந்து வந்தது. பணத்தோடு நிபந்தனையும் வரும்: பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், வருமானத்தை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது. அந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடலூர் ஓ.டி.:
சார், அது கட்டுகிற பணம். பறக்கிற பணம்? எங்கள் மாவட்டத்தில் நெய்வேலி பெயர் உடான் பட்டியலில் வந்தது. நாங்கள் இன்னும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குத்தான் பஸ் ஏறுகிறோம்.

முத்தியால்பேட்டை பொறியாளர்:
சரியான இடத்தைப் பிடித்தீர்கள். 1938 சட்டத்துக்குப் பிறகு எந்த வழியில் யார் பறக்கலாம், கட்டணம் எவ்வளவு என்று அரசு வாரியம் தீர்மானித்தது. நட்டமான ஊரை நினைத்த மாத்திரத்தில் கைவிட முடியாது. 1978 சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. அப்போது சின்ன ஊர்கள் தனித்துவிடும் என்று பயந்துதான் அதே சட்டத்தில் அத்தியாவசிய விமான சேவை என்று ஒரு ஏற்பாடு வைத்தார்கள்: அந்த ஊர்களுக்குப் பறக்கும் நிறுவனத்துக்கு மத்திய அரசு மானியம் கொடுக்கும். பத்து வருடத்துக்கு என்று தொடங்கியதை நீட்டித்து, 1996இல் காலவரம்பையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இறங்காமல் மேலே பறந்து போகும் விமானங்களிடம் வாங்கும் கட்டணமும் அதற்குப் போகிறது.

உடானில் நட்டத்தை ஈடுகட்டும் பணம் மூன்று வருடத்துக்குத்தான். பெரும்பங்கு மத்திய நிதியிலிருந்து வரும், மாநிலங்கள் 20 சதவீதம், யூனியன் பிரதேசமான நாம் 10 சதவீதம். மூன்று வருடத்தில் கூட்டம் சேராத ஊர் என்ன செய்யும்? என் வருத்தமே அதுதான். புதுச்சேரிக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஓடுதளம் 1,500 மீட்டர், ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்கும். நீட்டத் தமிழ்நாட்டுப் பக்கத்து நிலம் வேண்டும்.

லாசுப்பேட்டைவாசி:
நன்றி ஐயா. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுதுகிறோம், இதுவரை ஓடுதள நீட்டிப்பை மட்டும்தான் கேட்டிருந்தோம். மூன்று வருடம் முடிந்த பிறகும் உதவி தொடர வேண்டும் என்பதையும் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துவிடுகிறேன். அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை பார்த்துத் தர முடியுமா?