[உதவி] சூப்பர் லைசென்ஸ் 40 புள்ளி: ஹெர்டாவுக்கு 32 வர வேண்டும், என் ஷீட்டில் 29 வருகிறது

ஷீட்டுக்காரன்:
வணக்கம். எஃப்1 (ஃபார்முலா 1) கார் பந்தயம் ஓட்டத் தேவையான உரிமம் சூப்பர் லைசென்ஸ். மற்ற தொடர்களில் பிடித்த இடங்களுக்குக் கிடைக்கும் தகுதிப் புள்ளி 40 சேர வேண்டும். அந்தப் புள்ளிகளை ஓட்டுநர் வாரியாக எக்செல்லில் கணக்குப் போடுகிறேன். மூன்று இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் ஓட்டிய கோல்டன் ஹெர்டா. 2022 செப்டம்பரில் எஃப்1 அணியான ஆல்ஃபாடாவ்ரியில் சீட்டுக்குப் பேச்சு நடந்தபோது அவரிடம் 32 புள்ளி என்றுதான் செய்தி. 2020, 2021, 2022 மூன்றையும் கூட்டினால் 29தான் வருகிறது.

இரண்டு, டூரிங் கார் (சாலைக் காரை மாற்றியமைத்து ஓட்டும் பந்தயம்). யான் எர்லாஷர் 2020, 2021 இரண்டிலும் உலக டூரிங் கார் கோப்பையை (டபிள்யூடிசிஆர்) வென்றவர். அவருக்கு எத்தனை போடுவது?

மூன்று, எஃப்1 ஓட்டுநர் கெவின் மேக்னசன். 2024இல் 12 புள்ளி சேர்ந்து தடை வாங்கினார். அதைக் கழித்தால் மைனஸில் போகிறது!

கர்ப்ஸ்டோன்:
ஹெர்டா கணக்கில் கூட்டல் சரி, எடுத்த வருஷம்தான் தப்பு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று சீசன், அல்லது முந்தைய இரண்டு சீசனோடு நடப்பு சீசன். இரண்டில் எது அதிகமோ அதை எடுக்கலாம்.

அப்போதைய இண்டிகார் அட்டவணை முதல் இடத்திலிருந்து 40, 30, 20, 10, 8, 6, 4, 3, 2, 1. ஹெர்டா 2019இல் 7ஆவது (4), 2020இல் 3ஆவது (20), 2021இல் 5ஆவது (8). மொத்தம் 32. 2022இல் 10ஆவது வந்ததால் 1 புள்ளிதான். 2019ஐத் தள்ளிவிட்டு 2022ஐச் சேர்த்ததும் 4 போய் 1 வந்தது, அதுதான் உங்கள் 29.

ஷீட்டில் இரண்டு கூட்டலையும் தனித்தனி நிரலில் வைத்து, மூன்றாவது நிரலில் மேக்ஸ் (பெரிய எண்ணை எடுக்கும் சூத்திரம்) போடுங்கள். 2020, 2021 சீசன்களுக்காகக் கோவிட் சலுகை ஒன்று இருந்தது: நான்கு வருஷத்தில் சிறந்த மூன்றை எடுக்கலாம். அதை எல்லா வரிக்கும் பொதுவான சூத்திரத்தில் கலக்காதீர்கள். அந்தக் காலத்து வரிகளுக்கு மட்டும் தனியாக வையுங்கள்.

சரிபார்க்க அதே ஆளின் பிந்தைய கணக்கு: 2023இல் 10ஆவது (1), 2024இல் 2ஆவது (30), 2025இல் 7ஆவது (4). ஆக 35. 2026இல் எஃப்2வுக்கு (எஃப்1க்கு அடுத்த கீழ்நிலைத் தொடர்) வந்ததும் 2023இன் 1 கழன்று 34 ஆகும். எஃப்2வில் 8ஆவது இடத்துக்கு 6. சரியாக 40. அவர் குறைந்தது 8ஆவது வர வேண்டும் என்று எல்லோரும் எழுதியது இதனால்தான். ஷீட்டிலும் இதே எண் வந்தால் சூத்திரம் சரி.

மழைடயர்:
டூரிங் காருக்கு வருகிறேன். டபிள்யூடிசிஆர் 2022உடன் நின்றுவிட்டது. அதற்கு இருந்த அட்டவணை 15, 12, 10, 7, 5, 3, 2, 1. எர்லாஷருக்கு 15 + 15 = 30. ஒரு முழு சீசனை அபராதப் புள்ளியே வாங்காமல் முடித்தால் (அந்தத் தொடரில் அபராதப் புள்ளி முறை இருக்க வேண்டும்) கூடுதலாக 2 உண்டு. இரண்டு சீசனுக்கும் அது கிடைத்ததாக வைத்தாலும் 34. 40 எட்டாது.

மூன்று வருஷம் தொடர்ந்து சாம்பியன் ஆனால் 45 வருமே என்று தோன்றும். அப்போதும் கதவு தானாகத் திறக்காது. சிங்கிள் சீட்டர் (எஃப்1, எஃப்2 போல ஒரே இருக்கை கொண்ட கார்) தொடர்களில் இரண்டு முழு சீசன், ஒவ்வொன்றிலும் 80% ஓட்டியிருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. கார் பந்தயத்தையே டூரிங் காரில் தொடங்கி அங்கேயே வளர்ந்தவருக்கு முட்டுவது இந்த இடம்தான். உலகப் பட்டம் வென்றவருக்கு 15, எஃப்2வில் மூன்றாவது வந்தவருக்கு 40 என்பது டூரிங் கார் ஓட்டுநர்களின் திறமையைக் குறைத்து மதிப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு எச்சரிக்கை. டிசிஆர் (ஒரு வகை டூரிங் கார்) உலகத் தரவரிசை என்று 2022இல் தொடங்கிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அது டிசிஆர் கார் ஓட்டுபவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட டிசிஆர் அமைப்பு வெளியிடுவது. சூப்பர் லைசென்ஸ் யாரையும் வரிசைப்படுத்துவதில்லை. வாசலைத் தாண்டினாரா இல்லையா, அவ்வளவுதான். அந்த எண்களை இந்த ஷீட்டில் ஒட்டாதீர்கள்.

பிட்சுவர்:
மேக்னசன் விஷயம்: அது வேறு புள்ளி. எஃப்1இல் விதிமீறலுக்குத் தருவது அபராதப் புள்ளி. 12 மாதத்துக்குள் 12 சேர்ந்தால் ஒரு பந்தயம் தடை. மேக்னசன் பாகு பந்தயத்தில் வெளியே உட்கார, அவருக்குப் பதில் ஆலிவர் பேர்மன் ஓட்டினார். தகுதிப் புள்ளியிலிருந்து எதுவும் கழியாது. இரண்டும் தொட்டுக்கொள்வது இரண்டே இடத்தில்: மேலே சொன்ன 2 புள்ளி, இன்னொன்று எஃப்1 வார இறுதியின் பயிற்சி ஓட்டம். அதில் 100 கிமீ ஓடி, அபராதப் புள்ளி வாங்காமல் இருந்தால் 1. மூன்று வருஷத்தில் அதிகபட்சம் 10.

ஷீட்டுக்காரன்:
மிக்க நன்றி, மூன்றும் சரியாகிவிட்டது. இந்திய ஓட்டுநர் குஷ் மைனி வரியில் எஃப்2 2023, 2024 இரண்டுக்கும் பூஜ்யம் வருகிறதே, அது சரியா?

கர்ப்ஸ்டோன்:
சரிதான். 2023இல் 11ஆவது, 2024இல் 13ஆவது. எஃப்2வில் முதல் பத்துக்குத்தான் புள்ளி: 40, 40, 40, 30, 20, 10, 8, 6, 4, 3. முதல் மூவருக்கும் ஒரே 40 என்பதைக் கவனியுங்கள். இண்டிகார் வரிசையை நகலெடுத்து ஒட்டியவர்கள் ஷீட்டில் இரண்டாம், மூன்றாம் இடம் தப்பாக இருக்கும். நான்காம் இடத்துக்கு இறங்கினால் ஒரேயடியாக 10 போய்விடும்.

மழைடயர்:
பங்கேற்ற ஓட்டுநர்களின் எண்ணிக்கைக்கும் ஒரு நிரல் வேண்டும். பாட்ரிசியோ ஓ'வார்ட் 2018இல் இண்டி லைட்ஸ் (இண்டிகாருக்கு அடுத்த கீழ்நிலைத் தொடர்) சாம்பியன். அட்டவணைப்படி 15 வந்திருக்க வேண்டும். ஓட்டுநர்கள் போதவில்லை என்று, லைசென்ஸ் தரும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ கொடுக்கவில்லை. இடத்தை மட்டும் பார்த்துப் போடும் ஷீட் அவருக்கு 15ஐத் தாராளமாகக் கொடுத்துவிடும்.

பிட்சுவர்:
கடைசி நிரலுக்கு "தகுதி உண்டு" என்று பெயர் வைக்காமல் "புள்ளி போதும்" என்று வையுங்கள். 40 வந்த பிறகும் சர்வதேச ஏ கிரேடு லைசென்ஸ், விதிமுறைத் தேர்வு, எஃப்1 காரில் அதிகபட்சம் 2 நாளில் 300 கிமீ எல்லாம் வேண்டும். வயது 18. 2024இலிருந்து எஃப்ஐஏ விரும்பினால் 17இலும் கொடுக்கலாம். ஆர்விட் லிண்ட்பிளாட் 2025இல் அப்படித்தான் வாங்கினார். பயிற்சி ஓட்டத்துக்கு மட்டுமான லைசென்ஸ் என்றால் 25 புள்ளியோ, எஃப்2வில் ஆறு பந்தயமோ போதும். அதைத் தனி நிரலாகப் போட்டுவிடுங்கள்.